ஒத்தை இறகு, 23 வருஷம், ஒரு மயில்

மயிலிறகைப் புத்தகத்துக்குள்ள வெச்சா குட்டி போடும்னு நம்பாத ஆள் நம்மள்ல யாராவது உண்டா? அது போடலைங்கறது வேற விஷயம். ஆனா ஒரே ஒரு இறகு, உலகத்துக்குப் புதுசா ஒரு மயில் இனத்தையே காட்டிக் கொடுத்த கதை நிஜமாவே இருக்கு. நடந்தது ஆப்பிரிக்காவுல.

ஜேம்ஸ் சாப்பின்னு ஒரு அமெரிக்கர். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1909ல ஹெர்பர்ட் லாங் தலைமையில காங்கோவுக்கு ஒரு குழுவை அனுப்பினப்போ, உதவியாளாக் கூடப் போனார். அப்போ அவருக்கு வயசு 19! 1915 வரைக்கும் காட்டுலயே அலைஞ்சாங்க. 1913ல இத்தூரி காட்டுப் பக்கம் உள்ளூர்க்காரர் ஒருத்தரோட இறகு செருகின தொப்பியைப் பாத்தார். அதுல இருந்த ஒரு இறகு மட்டும் எந்தப் பறவையோடதுன்னு பிடிபடலை.

கிளி இறகுன்னா பளிச்சுனு இருக்கற நிறத்தை வெச்சே பாதி ஊகிச்சுடலாம். கிளிகளோட சிவப்பும் மஞ்சளும் வேற எந்தப் பறவைகிட்டயும் இல்லாத நிறமிகளால வர்றது. இந்த இறகு அப்படியில்ல. செம்பழுப்பு நிறம், குறுக்கே கறுப்புப் பட்டைகள், அவ்வளவுதான். அது சிறகுல எந்த இடத்து இறகுன்னு சொல்ல முடிஞ்சது, யாரோட சிறகுன்னுதான் சொல்ல முடியலை. மனுஷன் தூக்கிப் போடலை. பத்திரமா எடுத்து வெச்சார்.

வருஷம் ஓடிச்சு. சாப்பின் காங்கோ பறவைகளைப் பத்திப் பெரிய நூல் வரிசை எழுத ஆரம்பிச்சு, முதல் தொகுதி 1932ல வந்தாச்சு. அந்த வேலைக்காகவே 1936ல பெல்ஜியத்துல இருக்கற டெர்வுரென் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே ஒரு அலமாரி மேல, பாடம் பண்ணின ரெண்டு பழைய பறவைகள் தூசி படிஞ்சு கிடந்தது. சீட்டுல என்ன எழுதியிருந்தது தெரியுமா? இந்திய மயில், இளசு, வெளியிலேர்ந்து கொண்டு வந்தது!

நம்ம ஊர் மயிலாம். ரெண்டுல ஒண்ணு பெட்டை. அதோட சிறகுல, 23 வருஷமா விடை தெரியாம இருந்த அதே பட்டை போட்ட இறகு!

அந்த வருஷமே 'ஆஃப்ரோபாவோ காங்கென்சிஸ்'னு பேர் வெச்சு உலகத்துக்கு அறிவிச்சார். 1937ல மறுபடியும் காங்கோவுக்கே போய் அந்தப் பறவையைக் கையிலயும் பிடிச்சுட்டார். அதுவரைக்கும் மயில்னா ஆசியாவுக்கு மட்டும்தான் சொந்தம்னு எல்லாரும் நெனச்சிருந்தாங்க. ஆண் காங்கோ மயிலுக்கு நீண்ட தோகை கிடையாது. கருநீல உடம்பு, உச்சந்தலையில நட்டுக்க நிக்கற வெள்ளை முடி, சிவப்புக் கழுத்து. இருந்தாலும் ஆசிய மயில்கள்தான் இதுக்குக் கிட்டத்துச் சொந்தம்னு பின்னால டிஎன்ஏ ஆராய்ச்சியும் சொல்லிடுச்சு. இன்னிக்கு அது காங்கோ ஜனநாயகக் குடியரசோட தேசியப் பறவை. வேட்டையும் காடழிப்பும் அதைத் துரத்திக்கிட்டுதான் இருக்கு.

எனக்கு இதுல உறுத்தற விஷயம் ஒண்ணு உண்டு. புத்தகங்கள் எல்லாம் 'கண்டுபிடிச்சவர் சாப்பின்'னு எழுதுது. சரிதான், பேர் வெச்சது அவர். ஆனா அந்த இறகைத் தொப்பியில செருகிக்கிட்டிருந்தாரே, அவரோட பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அந்தப் பறவை எங்கே கிடைக்கும்னு காட்டு ஜனங்களுக்குத் தெரியாமயா இறகு தொப்பிக்கு வந்துச்சு? படிச்சவங்க கூடத்துல முழுப் பறவையே தப்புச் சீட்டோட உக்காந்திருந்தது. சீட்டுல எழுதியிருக்கேன்னு யாரும் மறுபடி பாக்கலை.

சாப்பினோட பெருமை கண்டுபிடிச்சதுல இல்லைங்கறேன். தெரியாத ஒண்ணைத் 'தெரியலை'ன்னே 23 வருஷம் வெச்சிருந்தார் பாருங்க, அதுலதான் இருக்கு. ஏதோ ஒரு பேரை ஒட்டி அன்னிக்கே அவர் மூடி வெச்சிருந்தா, அலமாரி மேல இருந்த அந்த ரெண்டும் இன்னும் எத்தனை நாள் இந்திய மயிலாவே இருந்திருக்குமோ!