திருடனாக வந்து செத்து விழுந்தவர்

குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ உங்களில் பலர் பார்த்த படம்தான். தொடக்கத்தில் ஒரு காட்சி. குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு திருடன் குடிசைக்குள் ஒளிந்திருக்கிறான். தலையை மழித்துத் துறவி வேடம் போட்ட தகாஷி ஷிமுரா, சோற்றுருண்டையோடு நெருங்கிச் சட்டென்று உள்ளே பாய்கிறார். சற்று நேரத்தில் திருடன் வெளியே ஓடிவந்து, கால்விரல்களில் எம்பி நின்று, மெதுவாகச் சரிகிறான். நாம் எப்போதும் ஷிமுராவைப் பற்றியே பேசுகிறோம். இன்று நான் பேசப்போவது செத்து விழுந்தவரைப் பற்றி. அவர் எய்ஜிரோ தோனோ.

1907இல் குன்மா மாகாணத்தில் பிறந்தவர். கபுகிக்கு மாற்றாக எழுந்த ‘ஷிங்கெகி’ என்ற நவீன நாடக இயக்கத்தில் வளர்ந்தவர். இடதுசாரிச் சார்பு கொண்ட இயக்கம் அது. 1940இல் அரசு முக்கியமான இரண்டு குழுக்களைக் கலைத்து, நடிகர்களைக் கைது செய்தது. தோனோவும் சிறைக்குப் போனார். அதற்குமுன் வேறொரு மேடைப்பெயர் வைத்திருந்தவர், பின்னர் சொந்தப் பெயரிலேயே நடித்தார்.

1944இல், போரின் நடுவே, கொரேயா செண்டா முதலானவர்களோடு சேர்ந்து ‘ஹைய்யூசா’ நாடகக் குழுவைத் தொடங்கினார். ‘டோக்கியோ கதை’யில் தாயாக வரும் சியேகோ ஹிகாஷியாமாவும் அதன் நிறுவனர்களில் ஒருவர். குழுவுக்குச் சொந்த அரங்கம் இல்லை. ஆகவே நடிகர்கள் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களை ஏற்றார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு அரங்கத்துக்குப் போனது. 1954 ஏப்ரலில் டோக்கியோவின் ரோப்பொங்கியில் ஹைய்யூசா அரங்கம் திறக்கப்பட்டது. ‘ஏழு சாமுராய்’ வெளியானதும் அதே மாதம்தான்.

பணத்துக்காக ஏற்றதால் அவர் எந்த வேடத்தையும் ஒப்பேற்றவில்லை. ‘யோஜிம்போ’வில் ஊரின் அழிவைப் பார்த்துப் புலம்பும் சாராயக் கடைக்காரர் அவர்தான். எனக்கு மிகப் பிடித்தது, 1962இல் வந்த ஓசுவின் கடைசிப் படம். அதில் தோனோ ஓய்வுபெற்ற செவ்வியல் சீனமொழி ஆசிரியர். இப்போது ஒரு மலிவான நூடுல்ஸ் கடை நடத்துகிறார். பழைய மாணவர்கள் விருந்து வைக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே இது என்ன என்று கேட்கிறார். ஹாமோ என்கிறார்கள், ஒருவகை விலாங்கு மீன். உடனே, ‘மீன்’ குறியோடு ‘வளம்’ சேர்த்து எழுதுவதுதானே என்கிறார். எழுத்து தெரிந்திருக்கிறது, ருசி தெரியவில்லை. ஒரு வாத்தியாரின் வாழ்நாள் வறுமை முழுவதும் அந்த ஒரு வாய் உணவில் இருக்கிறது. மாணவராக நடித்த சிஷு ரியூ நிஜத்தில் தோனோவைவிட மூன்று வயது மூத்தவர் என்பது பார்க்கும்போது நினைவுக்கே வராது.

1969இல் ‘மிட்டோ கோமோன்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், மாறுவேடத்தில் ஊர் சுற்றும் பிரபுவாக வந்தார். 1983 வரை நடித்தார். அவருடைய உரத்த சிரிப்பு ஜப்பானிய வீடுகள்தோறும் கேட்டது. ஒருகாலத்தில் அரசு சிறையில் அடைத்த நடிகரை, மக்கள் நீதி வழங்கும் பிரபுவாக ஏற்றுக்கொண்டார்கள். 1994இல் மறைந்தார்.

‘ஏழு சாமுராய்’ படத்தை மறுபடி பார்த்தால், அந்தத் திருடன் விழும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ஓர் அரங்கத்துக்குக் கல் சுமந்தவர் அவர்.