லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளும் இக்காலத்து இணையக் கூலியும்

இணையம் வந்தபின் உலகெங்கும் தொழில்முறை தலைகீழாயிற்றென்றும், முன் எக்காலத்தும் கண்டிராத புதுமை இதுவென்றும் பலர் பேசக் கேட்கின்றோம். நெசவைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நம்மவர் இக்கூற்றை அப்படியே ஒப்புக்கொள்ளுதல் அரிது. தறியைத் தம் வீட்டிலே சொந்தமாக வைத்துக்கொண்டு, முதலாளி நிறுத்துக் கொடுத்த பட்டையும் சரிகையையும் வாங்கி, அவர் காட்டிய மாதிரிப்படி நெய்து, சேலைக்கு இவ்வளவென்று அவர் இட்ட கூலியைப் பெற்றுவந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! இன்று தன் சொந்த மோட்டார் சைக்கிளில் தன் சொந்தக் காசுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, கைபேசியில் வரும் ஆணைப்படி உணவுப் பொட்டலம் சுமந்து, பொட்டலத்திற்கு இவ்வளவென்று கூலி பெறும் இளைஞனுடைய நிலை நமக்கு எளிதில் விளங்கும். அவ்விளைஞரிற் சிலர் தறியை விட்டுச் சென்ற நம் வீட்டுப் பிள்ளைகளே.

இவ்வகை வேலையின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தை நோக்குதல் வேண்டும். ரோன், சோன் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த இந்நகரம், பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் பட்டு நெசவுக்குத் தலைநகராய் விளங்கியது. நமக்கும் இந்நாட்டுடன் ஒரு தொடர்பு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுச் சரிகை இந்தியாவில் மிகுதியாக இறக்குமதியாயிற்று. சூரத்து நகரத்தார் அதனோடு போட்டியிட்டே தம் தொழிலை வளர்க்க வேண்டியிருந்தது. நிற்க.

லியோன் நகரத்தில் தொழில் நடந்த முறை யாதெனில், வர்த்தகர் பட்டு நூலையும் மாதிரியையும் கொடுப்பர். தறிக்குச் சொந்தக்காரரான தலைமை நெசவாளர் தம் இல்லத்தில் இரண்டு மூன்று தறிகளை நிறுத்தி, மனைவி மக்களுடனும் கூலியாளருடனும் நெய்து கொடுப்பர். கொடுத்த நூலின் எடையும் திரும்பிய துணியின் எடையும் பேசிய கூலியும் ஒரு கணக்குப் புத்தகத்தில் வரையப்படும். வந்த கூலியில் ஏறக்குறையப் பாதி தறிக்காரருக்கு, பாதி கூலியாளுக்கு. தறி பழுதுற்றாலும், மாதிரி மாற்றிப் பாவு கட்டுவதில் நாட்கள் கழிந்தாலும் நஷ்டம் தறிக்காரரைச் சார்ந்தது. நூல் குறைந்தால் களவு என்னும் பழியும் அவர்மேலேயே விழும். இவ்வேற்பாடு நமக்கு எவ்வளவு தெரிந்த முகமாய் இருக்கின்றது பாருங்கள்!

அந்நகரில் 1752-ஆம் ஆண்டு ஒரு நெசவாளர் குடும்பத்திற் பிறந்தவர் ஜோசப் மரி ஜக்கார். பூவேலை நெய்வதற்கு அக்காலத்தில் நெய்பவர் ஒருவர் போதாது. எந்தப் பாவிழைகளை எப்போது உயர்த்துவதென்று அறிந்து கயிறுகளை இழுத்துக் கொடுக்கத் தறியின் பக்கத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ நாள்முழுதும் நிற்க வேண்டும். அவ்வேலை இளம் உடல்களை முடமாக்கியதென்பது சரித்திரக்காரர் பலர் கூறும் செய்தி. இதனை ஒழிக்க முயன்றவருள் ஜக்கார் முதல்வரல்லர். 1725-இல் பூஷோன் என்பார் துளையிட்ட காகிதச் சுருளையும், சில ஆண்டுகட்குப்பின் பால்கோன் என்பார் துளையிட்ட அட்டைகளையும் பயன்படுத்தினர். வோகான்சோன் என்னும் பேரறிஞர் செய்த தறியொன்று வழக்கிற்கு வராமற் பாரிஸ் நகரத்துப் பொருட்சாலையில் கிடந்தது. இம்மூன்றையும் ஆராய்ந்து, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்னும் கணக்கில், துளையுள்ள இடத்தில் ஊசி புகுந்து பாவிழை உயரவும், துளையில்லாவிடத்தில் இழை தாழ்ந்து நிற்கவும் அமைத்து, 1804-இல் ஜக்கார் தம் பொறியைச் செம்மையாக்கினார். நம்மூர்த் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி இவர் பெயர் கொண்டதே.

1805-இல் நெப்போலியன் அரசாங்கம் இப்பொறியைப் பொதுச் சொத்தாக்கிற்று. ஜக்காருக்கு உபகாரச் சம்பளமும், விற்கும் பொறியொன்றுக்கு ஒரு தொகையும் கிடைத்தன. கயிறு இழுப்போர் வேலையிழந்தனர். நெசவாளர் சிலர் பொறியை உடைத்துத் தீயிட்டனர் என்று சொல்வர். ஆயினும் குழந்தைகளை அக்கொடிய வேலையினின்று விடுவித்தது இப்பொறியே என்பதை, யந்திரங்களைப் பழிப்போர் மறக்கலாகாது. ஓங்கிய பொறிக்கு இடம் வேண்டிக் குரோவா-ரூஸ் என்னும் குன்றின்மேல் நான்கு மீட்டர் உயரமுள்ள மேற்கூரையுடன் வீடுகள் எழுந்தன; அவை இன்றும் நிற்கின்றன.

இனி நாம் கருதவேண்டிய முக்கிய விஷயம் இது. பொறி எல்லார்க்கும் பொதுவாயிற்று, அதனை விலைகொடுத்து வாங்கும் செலவும் நெசவாளர் தலைமேல் வந்தது, விரைவு கூடிற்று, கூலியோ கூடவில்லை. ஏனெனில் எவர்க்கு வேலை, என்ன கூலி என்று தீர்மானிக்கும் அதிகாரம் வர்த்தகர் கையைவிட்டு நீங்கவேயில்லை. லியோன் பட்டு லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. அந்நாடுகளில் வாங்குவது சிறிது தளர்ந்தால் குன்றின்மேல் தறிகள் நின்றுவிடும். கூலி உயர்த்துக என்று கேட்டால், ஸூரிக் நகரத்தான் மலிவாய் நெய்கின்றான், கிரேபெல்டு நகரத்தான் மலிவாய் நெய்கின்றான், உங்கட்குக் கூட்டிக் கொடுத்தால் வியாபாரம் அங்குப் போய்விடும் என்பது விடையாயிற்று. உலகமயமாக்கல் என்று இன்று பெயரிட்டு வழங்குவதன் முழு வாதமும் இவ்விடையில் அடங்கியிருக்கின்றது.

நெசவாளர் வாளாவிருக்கவில்லை. 1828-இல் தலைமை நெசவாளர் ஒருவர்க்கொருவர் உதவும் சங்கமொன்றைக் கண்டனர். 1831 அக்டோபரில் தமக்கென ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கினர். நெசவாளர் தம் வழக்குகளைத் தாமே எழுதி வெளியிட்ட அப்பத்திரிகை, சங்கப் பத்திரிகை நடத்துவார் யாவரும் அறிந்திருக்க வேண்டியது. அதே மாதத்தில் மாவட்ட அதிகாரியான பூவியே-டியூமோலார் இருதரத்துப் பிரதிநிதிகளையும் கூட்டி, இன்ன துணிக்கு இதற்குக் குறையாத கூலி என்று அட்டவணையொன்றை இசைவித்தார். ஊரெங்கும் களிப்பு! ஆனால் வர்த்தகரில் நூற்றுக்கு மேற்பட்டார் அதனை ஏற்க மறுத்துப் பாரிசுக்கு எழுதினர். கூலியை அரசாங்கம் வரையறுப்பது தொழிற் சுதந்திரத்திற்கு மாறென்று மந்திரிகளும் கருதினர்.

நவம்பர் 21-ஆம் நாள் நெசவாளர் குன்றிலிருந்து இறங்கினர். உழைத்து வாழ்வோம், அன்றேற் பொருது மாய்வோம் என்னும் கருத்துடைய கருங்கொடி அவர் கையிலிருந்தது. கைகலப்பு முற்றிப் பட்டாளம் நகரைவிட்டு வெளியேறியது. சில நாட்கள் லியோன் நகரம் நெசவாளர் வசமாயிருந்தது. அந்நாட்களில் அவர்களே காவல் நிறுத்திக் கொள்ளையைத் தடுத்தனர் என்பது பகைவரும் மறுக்காத செய்தி. டிசம்பர் 3-ஆம் நாள் மார்ஷல் சூல்டு பெருஞ்சேனையுடன் உட்புகுந்தார். அட்டவணை இரத்தாயிற்று, அதிகாரி பதவியிழந்தார். 1834 ஏப்ரலில் மற்றொரு கலகம் எழுந்தது. சங்கங்களை ஒடுக்கும் சட்டம் அதற்கொரு காரணம். இம்முறை நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த மாதம் பத்திரிகையும் நின்றது. பின்னர் வர்த்தகர் நகரத்து நெசவாளரை நம்பாது, சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தறிகளைப் பரப்பினர். அங்குக் கூலி குறைவு, சங்கமும் இல்லை.

ஆயுதத்தால் முடியாததை வேறு வழியில் தேடியவரும் உண்டு. 1835-இல் மிஷேல் தெரியோன் என்பார் குன்றின்மேல் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கடை நிலைத்தது. அவருள்ளும் நெசவாளர் பலர். நம் நாட்டுக் கைத்தறிக் கூட்டுறவும், 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் அம்மரபைச் சார்ந்தனவே.

இனி அட்டையின் கதைக்கு வருவோம். 1839-இல் லியோன் நகரத்தார் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தனர். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. காண்பார் அதனை அச்சுப் படமென்றே மயங்கினர். அப்படமொன்று லண்டன் நகரத்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வீட்டிற் தொங்கியது. தாம் கருதிய கணிதப் பொறிக்கு எண்ணும் ஏவலும் கொடுக்க அவர் இத்துளையட்டை முறையையே கைக்கொண்டார். பொறி முற்றுப்பெறவில்லையாயினும், அதனைப் பற்றி 1843-இல் எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையார் அதன் வேலையைத் தறியின் பூநெசவுக்கே ஒப்பிட்டார். 1890-இல் அமெரிக்காவின் 6 கோடிக்கு மேற்பட்ட மக்கட்கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளால் எண்ணி முடித்தார். ரெயில்வே நடத்துநர் சீட்டில் துளையிடும் வழக்கமே தமக்கு யோசனை தந்ததென்று அவர் கூறினாராதலால், முழுப் பெருமையையும் தறிக்கே தருதல் நேர்மையாகாது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு கலந்து 1924-இல் ஐபிஎம் என்னும் பெயர் பூண்டது. கணினிகள் வந்த பின்னரும் பல ஆண்டுகள் ஆணைகள் அட்டைகளிலேயே துளையிடப்பட்டன.

கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முயற்சி 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வகுத்த வலைமுறையை ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய செர்ன் 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் கட்டணமின்றி யாவர்க்கும் பொதுவாக்கிற்று. 1805-இல் நடந்ததைப் படித்தவர்க்கு இது வியப்பளிக்காது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15-இல் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. 2002-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூர்வரை கடலடியில் பெருங்கம்பி ஒன்று இடப்பட்டது. கடல் கடந்த அலுவலகத்தின் கணக்கைச் சென்னையில் இருந்தே எழுதும் வேலை பெருகியது. அதனால் நம் பிள்ளைகள் பலர் உயர்வடைந்ததை மறைப்பது அழகன்று. தறிக்குழியில் அமர்ந்த பாட்டனார் கனவிலும் காணாத ஊதியம் அது.

ஆனால் வலை பொதுவாயினும், அதன்மேல் வேலையைப் பங்கிடும் நிறுவனங்கள் பொதுவல்ல. லியோன் வர்த்தகரிடத்திலிருந்த அதிகாரம் இன்று கைபேசிச் செயலியில் இருக்கின்றது. ஒரு வேறுபாடு உண்டு. லியோன் நெசவாளனிடம் கணக்குப் புத்தகமிருந்தது. வர்த்தகரும் தலைமை நெசவாளரும் அமர்ந்த நீதிமன்றமொன்றும் 1806 முதல் அந்நகரில் இருந்தது. அங்கே புத்தகத்தைக் காட்டி வழக்காடலாம். கூலியாட்கட்கு அம்மன்றத்தில் இடமில்லை என்பது அதன் குறை. இன்றோ கூலி எக்கணக்கால் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் தோன்றுகின்றதென்று ஓட்டுபவன் அறியான். எவரிடம் கேட்பதென்றும் அறியான். நீ தொழிலாளியல்லை, கூட்டாளி என்னும் பட்டம் மட்டும் தாராளமாய்க் கிடைக்கும்! தறி உன்னுடையது, ஆதலால் நீ கூலிக்காரனல்லை என்று அன்றும் சொன்னார்கள்.

நீதிமன்றங்களும் சட்டசபைகளும் இப்போதுதான் இவ்விஷயத்தில் கண்விழிக்கின்றன. ஊபர் வழக்கில் 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவ்வோட்டுநர் தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. பொறியின் கணக்கு மட்டுமே ஒருவனை வேலையினின்று நீக்கலாகாது, மனிதர் ஒருவர் தீர்மானிக்க வேண்டுமென்று 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவர்களைத் தனிவகையாகப் பெயர் சொல்லிக் குறித்தது. 2020-21-இல் இத்தகையோர் சுமார் 77 லட்சம் என்று நிதி ஆயோக் கணக்கிட்டது. அதே காலத்தை ஒட்டிய நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்து 35 லட்சத்திற்குச் சிறிது மேல். அஃதாவது, செயலி வழியாகவும் அன்றாட ஏவலாகவும் உழைப்போர் தொகை கைத்தறியாளர் தொகையைப்போல் இருமடங்காயிற்று.

தறிக்கும் இம்மாறுதல் வந்துவிட்டது. 1983-இல் மின்னணு ஜக்கார்டு தோன்றியபின் துளையட்டையே தேவையற்றதாயிற்று. காஞ்சிபுரத்திலும் மாதிரிகள் கணினியில் வரையப்படுகின்றன. படமாகிவிட்ட மாதிரி நொடியில் வேற்றூர் சேரும். கையால் மாதக்கணக்கில் நெய்ததன் சாயலை விசைத்தறி சில நாளில் வெளியிடும். 1985-இல் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம், பின்னர் 11 வகைகளாகச் சுருங்கிற்று. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெயரைக் காக்கும். நெய்பவர் கூலியைப் பற்றி அக்குறியீடு ஒன்றும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2023-இல் செயலி வழித் தொழிலாளர்க்கெனத் தனி நலவாரியம் அமைத்தது. விபத்து, மரணம், பிள்ளைகள் கல்வி முதலியவற்றிற்கு உதவித்தொகை அளிப்பது அதன் பணி. ஒரு பொட்டலத்திற்கு இதற்குக் குறையாத கூலி என்று அட்டவணை வகுப்பது அதன் பணியன்று. 1831-இல் லியோன் நெசவாளர் கேட்டது அவ்வட்டவணையையே.