பல்லிகள் காட்டும் பழைய நிலம்

சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் மலேசியத் தென்னந்தோப்புகளிலும் மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் சிறு ஓணானை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஆண் ஓணான் கழுத்தடியிலுள்ள மஞ்சள் மடலை நீட்டி மடக்கும். விலாவெலும்புகள் தாங்கும் தோலை விசிறிபோல் விரித்துச் சென்று அடுத்த மரத்தைப் பற்றும். பறக்கும் ஓணான் என்பது பெயர். உண்மையில் அது காற்றில் சறுக்குகிறதேயன்றிப் பறக்கவில்லை. இதே இனம் சுமத்திராவிலும் போர்னியோவிலும் உண்டு. இடையே கடல் கிடக்க, இக்கையளவுப் பிராணி அங்கெல்லாம் பரவியது எங்ஙனம்?

இவ்வினாவின் வரலாறு சுவையானது. மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றுக்கு இடைப்பட்ட கடல் ஆழங்குறைந்தது என்பதை 1845-இல் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் எடுத்துக் காட்டினார். 1854-இல் சிங்கப்பூரில் வந்திறங்கி எட்டாண்டுகள் இத்தீவுகளில் திரிந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், அக்கடலாழத்தையும் விலங்கினங்களின் பரவலையும் சேர்த்துப் பார்த்து, இவை ஒருகாலத்தில் ஒரே நிலம் எனத் துணிந்தார். ஆனால் எரிமலைகளின் செயலால் நிலம் தாழ்ந்து போயிற்று என்று அவர் கூறிய காரணம் நிலைக்கவில்லை. கண்டது மெய், காரணந்தான் தவறிற்று.

சரியான காரணத்தை நிலைநாட்டியவர்களுள் டச்சு நிலநூலறிஞர் மோலன்கிராஃப் முதன்மையானவர். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் விலங்கியலறிஞர் மாக்ஸ் வெபரும் கடலடியில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்தனர். பங்கா, பெலித்தோங் தீவுகளின் ஓரத்தில் கடலுக்கடியிலும் தொடரும் பழைய ஆற்றுப்படுகைகளில் வெள்ளீயம் கிடைத்தது ஒரு சான்று. கிழக்குச் சுமத்திரா ஆற்று மீன்களும் மேற்குப் போர்னியோவின் கபுவாஸ் ஆற்று மீன்களும் பெரிதும் ஒத்திருந்தது மற்றொன்று. நிலம் தாழவில்லை, பனியூழியில் நீர் பெரும் பனிப்பாளங்களாக உறைந்ததால் கடலே தாழ்ந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. பனி உருகியபின் நீர் ஏறிற்று.

"நிலம் இணைந்தபோது உயிர்கள் கலந்தன, கடல் பிரித்தபோது இனங்கள் வேறாயின" என்று வகுப்பில் எழுதிப்போட்டுவிட்டு அமைவது எளிது. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பல்லிகள் அதற்கு முழுவதும் உடன்படவில்லை.

1827-இல் ஜான் எட்வர்ட் கிரே வளைந்த விரல்களையுடைய காட்டுப் பல்லி ஒன்றுக்குப் பெயரிட்டார். தீபகற்பத்தில் அவ்வகைப் பல்லியெல்லாம் ஓரினமே எனப் பின்வந்தோர் நெடுங்காலம் கொண்டனர். 2012-இல் லீ கிரிஸ்மரும் உடனாய்வாளரும் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது அந்த ஓரினம் பலவாகப் பிரிந்தது. கெமரன் மலையில் ஒன்று, தித்திவாங்சாத் தொடரின் தென்பகுதியில் வேறொன்று, பிந்தாங் தொடரில் இன்னும் வேறு. கிரேயின் பழைய இனமோ பினாங்குத் தீவுக்கே உரியதாயிற்று.

பினாங்குக்கும் கரைக்கும் இடையே கடல் மிக ஆழங்குறைந்தது. பனியூழியில் கொடிமலை ஒரு சமவெளிக் குன்றே. கடல் ஒன்றே தடையாயின், அப்பல்லி அக்கரை இனங்களோடு கலந்திருக்க வேண்டுமன்றோ? கலக்கவில்லை. இவற்றின் பிரிவு கடைசிப் பனியூழிக்கு மிக முற்பட்டது. நீரைவிடத் தட்பவெப்பமே பெருந்தடையாக நின்றது எனக் கருத இடமுண்டு. குளிர்ந்த காலத்தில் மலைக்காடு கீழிறங்கும்; வெப்பம் மிகுந்தால் மேலேறித் தனித்தனி உச்சிகளில் ஒதுங்கும். ஈரக்காட்டை விட்டு வாழாத பல்லிக்கு நடுவிலுள்ள வெப்பத் தாழ்நிலம் கடலுக்கு ஒப்பு. அன்றியும், இன்று மூழ்கியுள்ள நடுச்சமவெளி அன்று அடர்காடா, புல்வெளியா என்பதில் அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர். புல்வெளியாயின், நிலமிருந்தும் காட்டுப் பல்லிக்கு வழியில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒரு பறக்கும் ஓணான் உண்டு. தென்னிந்தியாவில் அவ்வகையில் அது ஒன்றே. அதன் உறவினங்களைக் காண வடகிழக்கு இந்தியாவரை செல்ல வேண்டும். இடையே கிடப்பது கடலன்று, வறண்ட தக்கணம்.

வெப்பம் கூடும்போதெல்லாம் மலைப் பல்லிகள் மேலேறின. இப்போதும் வெப்பம் கூடிவருகிறது. கெமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. கீழ்ச்சரிவுகள் பலவற்றில் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் இருக்கின்றன.