கையடக்க ஹெட்போன் பெருக்கி

கையடக்க ஹெட்போன் பெருக்கி என்பது கைபேசி, இசை இயக்கி, மடிக்கணினி போன்றவற்றில் இருந்து வரும் வலுக்குறைந்த ஒலிக் குறிகையைப் பெருக்கி, ஹெட்போனை இயக்கத் தேவையான மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வழங்கும் சிறிய மின்னணுக் கருவி ஆகும். மின்கலத்தில் இயங்குவதும் சட்டைப்பையில் அடங்குவதும் இதனை மேசைப் பெருக்கிகளில் இருந்து வேறுபடுத்துகின்றன. சில டாலர் விலையுள்ளவை முதல் ஆயிரம் டாலரைத் தாண்டுபவை வரை சந்தையில் உள்ளன. எனினும் விலைக்கும் ஒலித்தரத்துக்கும் உள்ள தொடர்பு, விளம்பரங்கள் கூறும் அளவுக்கு நேரானது அன்று. பயணத்தில் பயன்படும் பெரும்பாலான ஹெட்போன்களுக்கு இக்கருவி தேவைப்படுவதே இல்லை.

தேவையைக் கணக்கிடல்

ஒரு ஹெட்போனுக்குப் பெருக்கி தேவையா என்பதை அதன் இரு அளவுகளைக் கொண்டு அறியலாம். ஒன்று மின்மறுப்பு; இது ஓம் என்ற அலகில் தரப்படும். மற்றொன்று உணர்திறன், இது ஒரு மில்லிவாட்டுத் திறனுக்கு எத்தனை டெசிபல் ஒலி எழும் என்றோ, ஒரு வோல்ட்டு மின்னழுத்தத்துக்கு எத்தனை டெசிபல் என்றோ குறிக்கப்படும். இவ்விரு குறியீட்டு முறைகளையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர். ஒரே ஹெட்போனுக்கு இரு முறைகளிலும் வெவ்வேறு எண்கள் கிடைக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1984 இல் அறிமுகமான காஸ் போர்ட்டா புரோ என்னும் மடிக்கக்கூடிய ஹெட்போனின் மின்மறுப்பு 60 ஓம், உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். இதற்கு ஒரு வோல்ட்டு அளித்தால், மின்னழுத்தத்தின் இருபடியை மின்மறுப்பால் வகுக்கக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 16.7 மில்லிவாட்டு. இது ஒரு மில்லிவாட்டை விட 12 டெசிபல் கூடுதல் ஆகையால் ஒலியளவு 113 டெசிபலை எட்டும். கைபேசி அரை வோல்ட்டு மட்டுமே தந்தாலும் 107 டெசிபல் கிடைக்கும். இது காதுக்குத் தேவையானதை விட மிக அதிகம். எனவே இத்தகைய ஹெட்போனுக்குத் தனிப் பெருக்கி வாங்குவது வீண் செலவே.

சென்னைசர் எச்டி 650 இன் நிலை வேறு. இதன் மின்மறுப்பு 300 ஓம், உணர்திறன் ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல். அரை வோல்ட்டு தரும் கைபேசியில் இதன் உச்ச ஒலி 97 டெசிபலுடன் நின்றுவிடும். செவ்வியல் இசைப் பதிவுகளில் உச்ச ஒலி சராசரியை விட 20 டெசிபல் வரை உயர்ந்திருக்கக் கூடும் என்பதால், சராசரி ஒலி 77 டெசிபல் அளவிலேயே அமையும். உச்சங்கள் 110 டெசிபலைத் தொடவேண்டுமாயின் ஏறத்தாழ 2.2 வோல்ட்டு தேவை. 600 ஓம் மின்மறுப்பும் மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் உணர்திறனும் கொண்ட பேயர்டைனமிக் டிடி 880 வகைக்கு அதே அளவை எட்ட 3.9 வோல்ட்டு வேண்டும். இவற்றுக்குப் பெருக்கி தேவைப்படுகிறது. ஆனால் இவ்விரண்டும் ஒலியை வெளிவிடும் திறந்த, பகுதி திறந்த அமைப்புடையவை. அவற்றைத் தொடர்வண்டியில் அணிந்தால் வெளி இரைச்சல் உள்ளே வரும். அணிந்தவரின் இசை அடுத்த இருக்கைக்கும் கேட்கும். அதாவது, பெருக்கி தேவைப்படும் ஹெட்போன்களிற் பல பயணத்துக்கு உகந்தவை அல்ல.

வெளியீட்டு மின்மறுப்பு

ஒலியளவு போதுமானதாக இருந்தாலும் பெருக்கி பயன் தரக்கூடிய ஒரு சூழல் உண்டு. ஒலி மூலத்துக்கும் தனக்கென ஒரு மின்மறுப்பு உள்ளது. காதுக்குள் செருகும் சில கேட்பிகளின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஒரு கேட்பியின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 16 ஓமாகவும் வேறொன்றில் 8 ஓமாகவும் இருப்பதாகக் கொள்வோம். ஒலி மூலத்தின் வெளியீட்டு மின்மறுப்பு 10 ஓம் எனில், முதலாவதில் மின்னழுத்தத்தின் 62 விழுக்காடு கேட்பியைச் சென்றடையும். இரண்டாவதில் 44 விழுக்காடு மட்டுமே சேரும். இது ஏறத்தாழ 2.8 டெசிபல் வேறுபாடு ஆகும். காதுக்குத் தெளிவாகப் புலப்படும் இவ்வேறுபாட்டால் இசையின் சமநிலையே மாறிவிடும். வெளியீட்டு மின்மறுப்பு ஒரு ஓம் அளவில் இருந்தால் இச்சிக்கல் எழாது. ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாத வெளியீட்டு மின்மறுப்பு வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி.

விலையுயர்ந்த பெருக்கிகள் எல்லாம் இவ்விதியை நிறைவு செய்கின்றன என்று கூற இயலாது. வாங்குவோர் விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டிய எண் இதுவே. அது குறிப்பிடப்படாவிட்டால் ஐயத்துடன் அணுகுவது நல்லது.

வரலாறு

1979 இல் சோனி வாக்மன் வெளிவந்த பின்னர் நடந்துகொண்டே இசை கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. வாக்மனுடன் வந்த ஹெட்போன்கள் அதன் சுற்றுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை என்பதால் தனிப் பெருக்கிக்குத் தேவை எழவில்லை. வீட்டில் பயன்படுத்தும் உயர் மின்மறுப்பு ஹெட்போன்களை வெளியே எடுத்துச் செல்ல விரும்பியோரால்தான் இத்தேவை தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள போசுமன் நகரில் தொடங்கப்பட்ட ஹெட்ரூம் நிறுவனம் இவ்வகைக் கருவிகளை விற்ற முன்னோடிகளுள் ஒன்று. இடச் செவியின் ஒலியில் சிறு பகுதியை வலச் செவிக்கும், வலத்தினதை இடத்துக்கும் கலந்து தரும் குறுக்கூட்டல் சுற்றையும் அது தன் கருவிகளில் சேர்த்தது. இக்கருத்தை பெஞ்சமின் பாவர் 1961 இலேயே முன்வைத்திருந்தார்.

சிமோய்

1990களின் இறுதியில் சூ மோய் என்பவர் மிக எளிய கையடக்கப் பெருக்கி ஒன்றின் சுற்றுப்படத்தை இணையத்தில் வெளியிட்டார். அவர் பெயராலேயே இது சிமோய் என அழைக்கப்படுகிறது. இரு செயல்படு பெருக்கிகள் அடங்கிய ஒரே தொகுப்புச் சுற்று, ஒரு 9 வோல்ட்டு மின்கலம், சில மின்தடையங்களும் மின்தேக்கிகளும், ஒலியளவுத் திருகு ஆகியனவே இதன் உறுப்புகள். ஆல்டாய்ட்சு என்னும் புதினா மிட்டாய் விற்கப்படும் தகரப் பெட்டிக்குள் இவையனைத்தும் அடங்கிவிடும். பற்றாசு வைக்கத் தெரிந்த ஒரு மாணவர் ஒரு பிற்பகலில் இதனைச் செய்து முடிக்கலாம். மின்னணுவியல் கற்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் குறைவே.

இதன் இயக்கம் பின்வருமாறு: ஒலிக்குறிகை நேர், எதிர் ஆகிய இரு திசைகளிலும் அலைவதால் பெருக்கிக்கு இரட்டை மின்வழங்கல் தேவை. ஒரே மின்கலத்தில் இதனைப் பெறுவதற்காக, 4.7 கிலோ ஓம் கொண்ட இரு மின்தடையங்கள் 9 வோல்ட்டை நடுவில் பிரித்து ஒரு மெய்நிகர் நிலத்தை உருவாக்குகின்றன. 220 மைக்ரோபாரடு மின்தேக்கிகள் இரண்டு அதனை நிலைப்படுத்துகின்றன. உள்ளீட்டில் உள்ள 0.1 மைக்ரோபாரடு மின்தேக்கியும் 100 கிலோ ஓம் மின்தடையமும் சேர்ந்து 16 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்டவற்றையும் நேர்மின்னோட்டத்தையும் வடிகட்டுகின்றன.

மூல வடிவமைப்பில் பெருக்கம் 11 மடங்கு. ஒரு வோல்ட்டு உள்ளீட்டை 11 மடங்காக்க 9 வோல்ட்டு மின்கலத்தால் இயலாது. நடுவிலிருந்து இருபுறமும் 4.5 வோல்ட்டு மட்டுமே உள்ளது. அதிலும் ஒரு பகுதியைத் தொகுப்புச் சுற்றே எடுத்துக்கொள்ளும். வெளியீடு 3 வோல்ட்டு உச்சம் எனக் கொண்டால் அது ஏறத்தாழ 2.1 வோல்ட்டுப் பயனுறு மதிப்பு. இது எச்டி 650 க்கு ஓரளவு போதும், 600 ஓம் வகைக்குப் போதாது. எல்லை மீறினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். கைபேசியுடன் பயன்படுத்துவோர் பெருக்கத்தை 3 முதல் 5 மடங்காகக் குறைத்துக் கட்டுவது பொருத்தமானது. பெருக்கம் மிகுந்திருந்தால் ஒலியளவுத் திருகைச் சற்று நகர்த்தியவுடனேயே ஒலி உயர்ந்துவிடும். மலிவான திருகுகளின் தொடக்கப் பகுதியில் இடச் செவிக்கும் வலச் செவிக்கும் ஒலி சமமாக இராது என்பது மற்றொரு தொல்லை.

ஓபிஏ2132 தொகுப்புச் சுற்று ஓய்வு நிலையில் ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர் எடுக்கும். மின்தடையங்கள் ஒன்றை எடுக்கும். 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட காரமின்கலம் இக்கணக்கில் 55 மணிநேரம் வரும். இசை ஒலிக்கும்போது இதனினும் குறையும். மறுமின்னேற்ற வகைகளில் கொள்ளளவு பாதிக்கும் குறைவு.

ஓ2

2011 இல் என்டபிள்யூஏவிகய் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர் ஓ2 என்னும் பெருக்கியின் முழு வடிவமைப்பையும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிட்டார். ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள மேசைக் கருவியுடன் ஒப்பிடத்தக்க செயல்திறனை மலிவான உறுப்புகளால் அடைய முடியும் என்பதை அளவீடுகளுடன் காட்டுவதே அவரது நோக்கம். புகழ்பெற்ற உயர்விலைத் தொகுப்புச் சுற்றுகளைத் தவிர்த்து, என்சேஎம்2068, என்சேஎம்4556ஏ ஆகிய எளியவற்றையே அவர் தேர்ந்தார். இதன் வெளியீட்டு மின்மறுப்பு அரை ஓம் அளவே. இரு 9 வோல்ட்டு மின்கலங்கள் மெய்யான இரட்டை மின்வழங்கலைத் தருவதால் மெய்நிகர் நிலம் தேவைப்படுவதில்லை. வடிவமைப்பைப் பயன்படுத்திப் பல சிறு நிறுவனங்கள் இதனைக் கட்டி விற்றன. 2012 இல் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். அவர் யார் என்பது வெளிவரவில்லை.

ஓ2 நேர்மையான கருவி என்றாலும் சட்டைப்பைக்குப் பெரியது. ஒலியளவுத் திருகு பெருக்கும் நிலைக்குப் பின்னர் அமைந்திருப்பதால், 6.5 மடங்குப் பெருக்கத்தில் 2 வோல்ட்டு தரும் மூலத்தை இணைத்தால் திருகு எந்நிலையில் இருந்தாலும் அலை வெட்டுப்படும். அத்தகைய மூலத்துக்குக் குறைந்த பெருக்க நிலையைத் தெரிவு செய்ய வேண்டும்.

செருகு வடத்தின் வருகை

சீனாவின் குவாங்சௌ நகரில் 2007 இல் தொடங்கப்பட்ட ஃபியோ நிறுவனம் ஏறத்தாழ 20 டாலருக்கு ஆடையில் கொளுவக்கூடிய சிறு பெருக்கிகளை விற்று, இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அக்காலத்தில் ஐபாடின் அடியில் இருந்த 30 முனைச் செருகியில் இருந்து தனி வடம் மூலம் குறிகையை எடுத்துப் பெருக்கிக்குக் கொடுப்பர். இதனால் ஐபாடின் உட்பெருக்கி தவிர்க்கப்பட்டது. இரண்டையும் ரப்பர் வளையத்தால் கட்டி எடுத்துச் செல்லும் வழக்கமும் இருந்தது.

2016 இல் ஐபோன் 7 ஹெட்போன் துளை இன்றி வெளிவந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இதன் விளைவாக, எண்ணிமக் குறிகையை ஒப்புமைக் குறிகையாக மாற்றிப் பெருக்கும் சுற்று விரல் நீள வடத்துக்குள் புகுந்தது. ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்ற யுஎஸ்பி-சி வடம் ஒரு வோல்ட்டு வரை தருகிறது. வெளியீட்டு மின்மறுப்பு ஒரு ஓம் அளவில் உள்ளது. ஐரோப்பியப் பதிப்பு அங்குள்ள ஒலியளவு வரம்பு காரணமாக அதில் பாதியளவே தரும். சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒலியளவைக் கையாளும் முறையினாலும் வெளியீடு குறைந்துவிடுகிறது என்பதால், வாங்குமுன் தம் கைபேசியுடன் இணைத்துப் பார்ப்பது தகும். குறைந்த செலவில் பயணம் செய்வோருக்கு இத்தகைய வடமே முதல் தெரிவு எனலாம். தனி மின்கலம் வேண்டாம் என்பது நன்மை. கைபேசியின் மின்கலத்தைக் குடிக்கும் என்பது குறை.

பயணச் சூழல்

வானூர்தியின் உட்புற இரைச்சல் பொதுவாக 80 டெசிபலை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். இந்நிலையில் பெருக்கியின் இரைச்சல் தளம், திரிபு ஆகியவற்றில் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் காதுக்கு எட்டுவதில்லை. அதே தொகையை நன்கு அடைக்கும் காதுக் கேட்பிக்கோ இரைச்சல் நீக்கும் ஹெட்போனுக்கோ செலவிட்டால் கிடைக்கும் பயன் மிகப் பெரிது. இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களுள் தமக்கென உட்பெருக்கி கொண்டவை பல. அவற்றுக்கு வெளிப் பெருக்கியால் பயன் இல்லை.

லித்தியம் மின்கலம் கொண்ட பெருக்கிகளின் கொள்ளளவு சில வாட்டு-மணியே. வானூர்தியில் பயணிகளுக்கு அனுமதிக்கப்படும் 100 வாட்டு-மணி வரம்பைவிட இது மிகக் குறைவு. தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலங்களைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். தகரப் பெட்டிக்குள் மின்கலமும் கம்பிகளுமாகக் காணப்படும் சிமோய், பாதுகாப்புச் சோதனையில் விளக்கம் கேட்க வைக்கக்கூடும். மூடியைத் திறந்து காட்டும்படி கட்டியிருப்பது நலம். கைபேசியை ஒட்டி வைத்தால் சில பெருக்கிகளில் டிர்ர் என்ற ஒலி எழும். ஜிஎஸ்எம் கைபேசிகள் நொடிக்கு ஏறத்தாழ 217 முறை அலைவீச்சை விட்டுவிட்டு வெளியிடுவதே இதற்குக் காரணம்.

செவிப் பாதுகாப்பு

பெருக்கியின் உண்மையான இடர் விலையில் இல்லை. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வெளியிட்ட தரத்தின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்கலாம். சிறுவர்க்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். எனவே 89 டெசிபலில் 5 மணிநேரமும் 92 டெசிபலில் இரண்டரை மணிநேரமுமே வாரம் முழுமைக்கும் உரிய அளவு. இரைச்சல் மிகுந்த பேருந்தில் பாடலைத் தெளிவாகக் கேட்க விரும்பும் ஒருவர் வெளி ஒலியை விடப் பத்து டெசிபல் கூட்டி வைத்தால், ஓர் இரவுப் பயணத்திலேயே இந்த அளவைத் தாண்டிவிடுவார். கைபேசி விடுக்கும் எச்சரிக்கை வெளிப் பெருக்கியின் திருகை அறியாது. உட்காதின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தல்

இரு கருவிகளில் சற்று உரக்க ஒலிப்பதையே காது சிறந்தது எனக் கொள்ளும். ஆகவே கடையில் ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் மின்னழுத்தமானி கொண்டு சமப்படுத்திய பின்னரே முடிவு செய்ய வேண்டும். எது எது என அறியாமல் கேட்பது இன்னும் நம்பத்தக்கது. உணர்திறன் மிக்க காதுக் கேட்பியை இணைத்து, இசை எதுவும் இன்றி ஒலியளவைப் பாதிக்கு வைத்துக் கேட்டால் பெருக்கியின் இரைச்சல் சீறலாக வெளிப்படும். இச்சோதனைக்கு மின்னழுத்தமானி தேவையில்லை, அமைதியான ஓர் அறை போதும்.