இரண்டு சாவித்திரிகள்

தொடர்கதை வெறும் பொழுதுபோக்கு, அதிலே சமூக விஷயம் என்ன கிடக்கிறது என்று கேட்போர் ஜொகூர்த் தோட்டங்களிலும் உளர், பட்டணங்களிலும் உளர். அவர்களுக்கு விடையாக இரண்டு சாவித்திரிகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

முதற் சாவித்திரி தோன்றியது 1892-ஆம் ஆண்டில். இளைஞராயிருந்த அ. மாதவையா, "விவேக சிந்தாமணி" பத்திரிகையில் "சாவித்திரி சரித்திரம்" எழுதத் தொடங்கினார். பால்ய விவாகத்தின் கொடுமையையும் கைம்பெண்ணின் துயரையும் எடுத்துரைக்க வந்த கதை அது. விதவா விவாகத்திற்குச் சட்டம் 1856-லேயே இடங்கொடுத்துவிட்டது, வீடுகள்தாம் கொடுக்கவில்லை. கதை சில பகுதிகளோடு நின்றது. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் தொடங்கிய ராஜமையரின் "கமலாம்பாள் சரித்திரம்" முடிவுவரை வெளிவந்தது என்பதையும் வாசகர்கள் கருதுக. மாதவையாவின் கதையோ "முத்துமீனாட்சி" என்று பெயர் மாறி, 1903-இல்தான் நூலாயிற்று. அந்தப் பதினோராண்டில் எத்தனை சிறுமியர் தாலியிழந்தனரோ!

இரண்டாம் சாவித்திரி, 1938-39-இல் "ஆனந்த விகட"னில் கல்கி எழுதிய "தியாகபூமி"யின் நாயகி. கே. சுப்பிரமணியம் அதனைப் படமாகவும் எடுத்துவந்தமையால், படக்காட்சிகளே கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. தன்னைத் தள்ளிவைத்த கணவன், தான் செல்வியானபின் சேர்ந்து வாழ வழக்காடியபோது, சாவித்திரி மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்திலே சொல்கிறாள்! புத்தகமாயிருந்தால் பக்கத்தைப் புரட்டி முடிவைப் பார்த்துவிடலாம். தொடர்கதையிலோ ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். "அவள் செய்தது சரியா?" என்னும் தர்க்கம் எழுவது அந்த இடைவெளியில்தான். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் லயத்து வாசலில், எழுத்தறியாதவரும் அதிலே கலந்துகொள்ளலாம்.

1939-இல் வெளிவந்த அப்படத்தைக் காங்கிரஸ் பிரசாரமென்று ஆங்கில அரசாங்கம் பின்னர்த் தடை செய்தது. எனினும் எமக்கு ஒரு குறையுண்டு. முடிவில் சாவித்திரியும் கணவனும் தேசத்தொண்டிலே இறங்கிச் சிறைபுகுகின்றனர். மனைவியின் உரிமை பற்றிய வழக்கை ஆசிரியர் அங்கே நழுவவிட்டார் என்பதே எம் கருத்து.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1954-இல் கொரியாவின் "சோல் சின்முன்" நாளிதழில் சோங் பி-சோக் "சுதந்திர நாயகி" என்ற பொருள்படும் பெயரில் ஒரு தொடர்கதை எழுதினார். பேராசிரியர் ஒருவரின் மனைவி வேலைக்குப் போகிறாள், நடனமாடப் போகிறாள். கதை வந்துகொண்டிருக்கும்போதே சட்டப் பேராசிரியர் ஹ்வாங் சான்-டோக் அதனைக் கடுமையாகக் கண்டித்தெழுத, ஆசிரியர் மறுத்தெழுத, நாடே இரு கட்சியாயிற்று. அந்த நாயகியும் கடைசியில் வீடு திரும்பிவிட்டாள்.