மருத்துவரின் கையும் நோயாளியின் கையும்: ஓரிகன் ‘கண்ணியத்துடன் இறத்தல்’ சட்டத்தின் வரலாறு

தமிழில் ‘கருணைக்கொலை’ என்னும் ஒரே சொல் மூன்று வேறுபட்ட செயல்களைக் குறிக்க ஆளப்படுகிறது. உயிர்காப்புக் கருவியை அகற்றி நோயை அதன் போக்கில் விடுதல் ஒன்று. மருத்துவரே ஊசிவழி மருந்து செலுத்தி உயிரை முடித்தல் மற்றொன்று. மருத்துவர் எழுதித்தரும் மருந்தை நோயாளி தாமே உட்கொண்டு இறத்தல் மூன்றாவது. இந்திய உச்சநீதிமன்றம் 2011, 2018 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் ஏற்றது முதலாவதை மட்டுமே. அமெரிக்காவில் மூன்றாவதற்குச் சட்ட வடிவம் தந்த முதல் மாநிலம் ஓரிகன். இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்கும் கோடு அங்கு எவ்வாறு இடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அக்கோடு அறவியல் ஆய்வில் தோன்றியது என்பதைவிடத் தேர்தல் தோல்விகளில் தோன்றியது என்பதே பொருந்தும். 1991-இல் வாஷிங்டன் மாநிலத்திலும் 1992-இல் கலிபோர்னியாவிலும் பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்ட முன்மொழிவுகள் மருத்துவரே உயிரை முடிக்கவும் இடமளித்தன. இரண்டும் ஏறத்தாழ 54-க்கு 46 விழுக்காடு என்ற அளவில் தோற்றன. ஓரிகனின் முன்மொழிவு அவ்வதிகாரத்தை விலக்கியது. மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதலாம், ஊசி போடலாகாது. 1994 நவம்பர் 8 அன்று அது 51 விழுக்காட்டு வாக்குகளுடன் நிறைவேறியது.

கூட்டாட்சி நீதிமன்றத் தடையால் சட்டம் மூன்றாண்டுகள் முடங்கியது. இதற்கிடையில், 1997 ஜூன் 26 அன்று, மருத்துவ உதவியுடன் இறத்தல் அரசியலமைப்பு உரிமை அன்று என அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனினும் அவ்விவாதம் மாநிலங்களில் தொடரவும் அத்தீர்ப்பு வழிவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தடை நீங்கியது. நவம்பரில் சட்டத்தை நீக்கக் கோரிய வாக்கெடுப்பை 60 விழுக்காட்டினர் நிராகரித்தனர். 2001-இல் நடுவண் அரசின் தலைமை வழக்குரைஞர் ஜான் ஆஷ்கிராஃப்ட், இத்தகைய மருந்துச்சீட்டு முறையான மருத்துவப் பணியாகாது என அறிவித்தார். அவ்வாறு அறிவிக்க அவருக்கு அதிகாரமில்லை என்று 2006-இல் உச்சநீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வழங்கியது. இத்தீர்ப்பும் இறக்கும் உரிமையை நிறுவவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும்; இதனை உரிமைத் தீர்ப்பாகக் கொள்வது பிழை.

சட்டத்தின் நிபந்தனைகள் ஐயத்தின் மொழியில் எழுதப்பட்டவை. நோயாளி 18 வயது நிறைந்தவராகவும் ஆறு மாதங்களுக்குள் இறப்பை எதிர்நோக்குபவராகவும் இருத்தல் வேண்டும். அந்நிலையை இரு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். 15 நாள் இடைவெளியில் இருமுறை வாய்மொழியாகவும், சாட்சிகள் இருவர் முன்னிலையில் எழுத்து வடிவிலும் கோரிக்கை தேவை. இறப்பு மிக அண்மையில் உள்ளோருக்கு அக்காத்திருப்பு 2020 முதல் தளர்த்தப்பட்டது. வலித்தணிப்பு முதலிய மாற்று வழிகளை மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும். இவற்றின்படி நிகழும் இறப்பைத் தற்கொலை எனக் கருதலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. எதிர்ப்பாளர்கள் இவ்வாசகத்தைச் சொற்புரட்டு என்றனர். அக்குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று.

மாநிலச் சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கைகள் இருதரப்பாரின் எதிர்பார்ப்புக்கும் மாறான இரு செய்திகளைத் தருகின்றன. மருந்துச்சீட்டுப் பெற்றோருள் மூன்றிலொரு பங்கினர் அம்மருந்தால் இறக்கவில்லை. மேலும், கோரியோர் கூறிய காரணங்களுள் முதன்மையானது தன்னாளுமை இழப்பே. வலியோ வலி பற்றிய அச்சமோ பின்வரிசையில்தான் நிற்கிறது. விவாதம் முழுவதும் தாங்கொணா வலியை மையமாக்கியே நடந்தது என்பதை எண்ணும்போது இது சிறிய முரண் அன்று.

முன்னர்த் தோல்வி கண்ட வாஷிங்டன் 2008-இலும் கலிபோர்னியா 2015-இலும் ஓரிகனின் வடிவத்தையே ஏற்றன. 2002-இல் நடைமுறைக்கு வந்த நெதர்லாந்துச் சட்டமும் 2016-இன் கனடாச் சட்டமும் மருத்துவரின் கையையும் அனுமதித்தன. கனடாவில் ஏறத்தாழ எல்லா நிகழ்வுகளிலும் மருந்தைச் செலுத்துவோர் மருத்துவப் பணியாளரே.

ஓரிகன் இட்ட கோட்டிற்கு ஒரு விலையும் உண்டு. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்க்கு ஆளானவர், விழுங்கும் ஆற்றல் போய்விடும் என்றஞ்சி, வாழ விரும்பும் நாள்களை விட்டு முந்திக்கொள்ள நேரலாம். மறதிநோயாளியின் நிலை இன்னும் கடினம்: ஆறு மாத வரம்பினுள் அவர் வரும்போது, கோரிக்கை விடுக்கத் தேவையான தெளிவு அவரிடம் எஞ்சியிருப்பதில்லை.