கடல் கடந்த கடன்: கங்காணி முன்பணம் முதல் விசா வட்டி வரை



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கடன். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன நம் மக்களின் தலையில் ஏற்றப்பட்ட கடன். புலம்பெயரும் ஏழைக்குக் கடன் கொடுப்பது ஆபத்தான தொழில், திரும்ப வருமோ வராதோ, அதனால்தான் வட்டி கூடுதல் என்று கந்துவட்டிக்காரரும் சொல்கிறார், நிதி நிறுவனமும் சொல்கிறது. அந்த ஆபத்தை உண்மையில் சுமந்தவர் யார் என்பதுதான் நம் கேள்வி. இருநூறு ஆண்டு மலையகத் தமிழர் வரலாறு அதற்குப் பதில் வைத்திருக்கிறது.

சேரியிலிருந்து கண்டிச் சீமைக்கு

1843-இல் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிப்பது நின்றது. ஆனால் பண்ணையாளும் படியாளும் அப்படியே இருந்தார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு தொகை தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. அடிமை என்ற சொல் போய்க் கடன் என்ற சொல் வந்தது. சொந்த நிலமும் இல்லை, குடியிருந்த மனையும் மிராசுதாருடையது என்ற நிலையில், ஈடு வைக்க நம் மக்களிடம் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த நிலையில்தான் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகின. ஆட்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023-இல் மலையக மக்கள் தங்கள் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தபோது அதே வழியில் நடந்தது இதற்காகத்தான். 1876-78 பஞ்சம் இந்தப் பெயர்வை இன்னும் பெருக்கியது. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். அழைத்துப் போன பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதியினர். ஊரின் சாதி அதிகாரம் கடல் கடந்தபோது கணக்குப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டது.

துண்டு

கங்காணி ஊருக்கு வந்தது முன்பணத்தோடு. வழிச்செலவு, சாப்பாடு, துணி, பண்ணையாருக்குத் தீர்க்க வேண்டிய பழைய பாக்கி எல்லாம் அதிலிருந்து போயின. அத்தனையும் தொழிலாளி பெயரில் பற்று எழுதப்பட்டது. ஆக, மலையில் கால் வைக்கும் முன்பே அவர் கடனாளி.

பணம் வந்த வழியைக் கீழிருந்து மேலே பார்ப்போம். குடும்பத்துக்குக் கொடுத்தவர் சில்லறைக் கங்காணி. அவருக்குக் கொடுத்தவர் பெரிய கங்காணி. பெரிய கங்காணிக்குத் தோட்டமும் செட்டியாரும் கொடுத்தார்கள். தோட்டத் துரைக்குக் கொழும்பு ஏஜென்சி கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தன் இழப்பைக் கீழே தள்ளிவிட முடிந்தது. கடைசிப் படியில் நின்ற குடும்பத்துக்குக் கீழே தள்ள ஆளில்லை.

தோட்டத்தில் அரிசியைக் கூலிக் கணக்கில் போட்டுக் கொடுத்துப் பிறகு பிடித்தார்கள். பல இடங்களில் கடையும் கங்காணியுடையதே. பெரட்டில் நின்று வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கூலியும் நெடுங்காலம் கங்காணி கை வழியாகவே வந்தது. பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று தெரிந்தவர் எழுதியவர் மட்டுமே. எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம் கணக்கு கேட்கும் உரிமையும் சேர்த்தே மறுக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் உச்சம் துண்டு. ஆங்கிலேயர் சட்டங்களிலும் அறிக்கைகளிலும் இந்தத் தமிழ்ச் சொல்லே இருக்கிறது. கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், மொத்தக் கடனையும் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் கங்காணி கூடுதல் முன்பணம் பேசித் தோட்டம் மாறினார். ஒவ்வொரு மாற்றத்திலும் துண்டின் தொகை ஏறியது. அந்தப் பணத்தில் ஒரு காசைக்கூடப் பார்க்காத குடும்பத்தின் தலையில் கடன் வளர்ந்தது. மனிதரை விற்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. அவர் கடனை விற்கலாம், கடனோடு அவரும் போவார் என்று நடைமுறை சொன்னது.

ஆபத்து யாருடையது?

கடன் கொடுத்தவருக்கு ஆபத்து என்றால், வாங்கியவர் ஓடிப்போவதுதான் அந்த ஆபத்து. அதற்கு அரசு காவல் நின்றது. இலங்கையின் 1865-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவது குற்றம், அதற்குச் சிறை உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டை ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டக் கணக்கில் ஏறி, தோட்டத்திலிருந்து ஆட்கள் கணக்குக்கு இறங்கியது.

மறுபக்கம், முதலாளி நொடித்தால்? 1869-இல் காப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலே அழிந்தது. கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றது. வேலை செய்துவிட்டுக் கூலிக்குக் காத்திருப்பவரும் கடன் கொடுத்தவர்தான். நம் மக்கள் தோட்டத்துக்குக் கொடுத்த அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது. பாக்கி வைத்த துரைக்காகச் சிறைக் கதவும் திறக்கவில்லை. ஆபத்து யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

நீக்க முடிந்த கடன்

ஆட்களைக் கொண்டுவரச் செலவாகிறதே, அதை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும் என்பார்கள். கட்டத்தான் வேண்டும். யார் கட்டுவது என்பதே பிரச்சினை. மலாயாவில் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, வேலைக்கு ஆள் வைக்கும் எல்லா முதலாளிகளிடமும் வரி வசூலித்து அதிலிருந்து பயணச் செலவைக் கொடுத்தார்கள். அங்கும் சுரண்டல் தொடர்ந்தது, கங்காணி இருந்தார். ஆனால் பயணச் செலவு தொழிலாளியின் கடனாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது அன்றே நிரூபணமானது.

இலங்கையில் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது, வேலையை விட்டுப் போனால் சிறை என்பதையும் நீக்கியது. 1922-இன் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் நெருக்குதலில், ஆள் சேர்ப்புச் செலவை முதலாளிகளின் பொது நிதி ஏற்றது. கண்டியில் இந்திய அரசின் ஏஜெண்டு அமர்த்தப்பட்டார். இந்தச் செலவுகளால் தேயிலைத் தொழில் மூழ்கிவிடவில்லை. கடன் இல்லாமலும் தோட்டம் ஓடும் என்றால், அத்தனை ஆண்டுகள் அந்தக் கடன் எதற்கு இருந்தது? ஆளை அசையவிடாமல் வைப்பதற்கு.

சட்டம் போனாலும் கங்காணியின் பிடி உடனே தளரவில்லை. 1930-களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியபோது துரையோடு கங்காணியையும் எதிர்க்க வேண்டியிருந்தது. ஆனைமலைத் தோட்டங்களின் இதே கதையைத்தான் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று நாம் வாசித்தோம்.

1948-இல் சுதந்திர இலங்கை மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எண்ணிக்கை போட்டது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தவர்களில் பலர் இங்கே மறுபடியும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட கொத்தடிமைகளானார்கள். கப்பல் திசை மாறியது, கணக்குப் புத்தகம் மாறவில்லை.

இன்றைய துண்டு

இப்போது வளைகுடாவுக்குப் போகிறவர் கதையைப் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது இந்திய விதி. கீழ்முகவர்கள் கேட்பதோ அதைப்போல் பல மடங்கு. வங்கிக்குப் போனால் ஈடு கேட்கும். ஆகவே நகையை வைப்பது, இல்லாதவர் வட்டிக்கு வாங்குவது. ஒரு கணக்குப் போடுவோம். ஒன்றரை லட்சம் ரூபாய், மூன்று வட்டி. மாதம் 4,500. இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டும் 1,08,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அங்கே முதலாளி அனுமதியில்லாமல் வேலை மாற விடாத கஃபாலா, இங்கே வீட்டு வாசலில் வட்டிக்காரர். துண்டின் இரு முனைகள் இவை. தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. எத்தனை சேரிகளுக்குள் அது வந்தது என்பதை நீங்களே அறிவீர்கள்.

மலையகத்தில் இன்று லயத்துப் பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கே கீழ்முகவர் முன்பணம் கொடுக்கிறார். கொள்ளுப்பாட்டனுக்குக் கங்காணி நீட்டிய அதே பணம்தான். ஊரில் இருக்கும் பெண்களைத் தேடி நுண்கடன் நிறுவனம் வருகிறது. 2018-இல் இலங்கை அரசு நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. உச்சவரம்பே அவ்வளவு என்றால் அதற்குமுன் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டடம் கட்டிய வெளியூர்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை விரித்துப் பொருள் சொன்னது. அங்கே 9 ரூபாய் 25 காசு நாட்கூலியில் 1 ரூபாயை ஆள்பிடித்த ஜமாதார் எடுத்துக்கொண்டிருந்தார். நம் தலைக்காசேதான். பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்குத் தள்ளினால் அதுவும் கட்டாயமே என்றது தீர்ப்பு. சங்கிலி இல்லையே, விருப்பப்பட்டுத்தானே போனார் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆகவே நம் கோரிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். வட்டியைக் குறை என்று மட்டும் கேட்டால் போதாது. வேலைக்குக் கூப்பிடுகிறவரே கூட்டிப்போகும் செலவைக் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். நிலமும் மனைப்பட்டாவும் கேட்கும் போராட்டம் கடனுக்கெதிரான போராட்டமும்கூட. ஈடு இல்லாத இடத்தில்தான் உடம்பு ஈடாகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மலையகத்திலிருந்து திரும்பிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வளைகுடா போய் வந்தவர்கள் தெருவுக்கு இருவர் மூவர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்: யாரிடம் வாங்கினீர்கள், எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை ஆண்டில் அடைந்தது, அடையவில்லையென்றால் யார் கட்டுகிறார்கள். தேதியோடு தொகையோடு எழுதி வையுங்கள். இதுவரை நம் பெயரில் கணக்கு எழுதியவர்கள் மற்றவர்கள். இனி அந்தக் கணக்கை நாம் எழுதுவோம்.

ஜெய்பீம்.